தருமன் ஒட்டிய பொட்டு

பச்சைக் கல்லைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் இருபது வரை எண்ணுகிறார் தருமன். எண்ணி முடித்த பிறகும் குளிர்ச்சி போகாவிட்டால் அசல் கல். சட்டென்று சூடேறிவிட்டால் கண்ணாடி. "கல்லு பொய் சொல்லாதுங்க, விக்கிறவன்தான் சொல்லுவான்" என்று எதிரே நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் தமிழிலேயே சொல்கிறார். அவளுக்கு என்ன புரிந்ததோ, பலமாகத் தலையை ஆட்டுகிறாள்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி, ஒரு ஜூஸ் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே இருக்கிறது அவர் கடை. இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டால் மூன்றாமவர் சாலையில்தான் நிற்க வேண்டும். பின்சுவர் முழுக்கப் பள்ளிக்கூட உலகப் படம். அதில் பிரேசில், காங்கோ, ஆப்கானிஸ்தான், மடகாஸ்கர், இலங்கை என்று ஆங்காங்கே சிவப்புப் பொட்டுகள். எல்லாம் மனைவி வள்ளியின் ஸ்டிக்கர் பொட்டுகள். ஒரு கல் எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தருமன் அதை வாங்கவே மாட்டார். வாங்கினால் தட்டில் கல், கல்லின் கீழே துண்டுச் சீட்டு, சீட்டில் ஊர்ப் பெயர். சென்னைக்கு அந்தப் பக்கம் போகாத மனிதர், சிலி நாட்டில் தாமிரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வதுபோல் சொல்வார்.

காலையில் செல்போனில் செய்தி பார்க்கும்போதே முகம் சுருங்கிவிடும். "காங்கோவுல சண்டை ஜாஸ்தியாயிடுச்சுங்க" என்று ஜூஸ் கடைக்காரரிடம் சொல்வார். அவருக்கு எலுமிச்சம்பழம் விலை ஏறியதுதான் கவலை. தருமன் விடமாட்டார். "நான் பொட்டு வெச்ச எடத்தையெல்லாம் எண்ணிப் பாருங்க. ஒண்ணு சண்டை, இல்லாட்டி பள்ளம். கீழ இருக்கறது மேல இருக்கறவன வாழ வுடறதில்ல."

இவ்வளவு தெரிந்தவர்தான் அந்தக் காரியத்தையும் செய்தார். போன தை மாதம் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்து, "உலகத்தையே வெச்சிருக்கீங்க. உங்க ஊருக் கல்லு ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். தருமனுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் கிராமத்தில், மலையடியில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் கொல்லையில், கிணறு வெட்டியபோது வாரிக் கொட்டிய கறுப்புக் கற்கள் கிடந்தன. கை தாங்காத கனம். காந்தத்தை வைத்தால் கவ்விக்கொள்ளும் இரும்புக் கல். மறுநாளே நாலைந்தைக் கழுவிக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். வழக்கம்போலச் சீட்டும் எழுதினார். ஊர், தாலுகா, மலைக்கு மேற்கே கிணற்றுமேடு என்பதுவரை எழுதினார். அன்று மாலை உலகப் படத்தில் ஒரு பொட்டும் ஒட்டினார். அது சென்னையிலிருந்து சேலம் வரை மறைத்துவிட்டது. சட்டைக்காரர் திரும்பி வந்து, கல்லையும் சீட்டையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு, இரண்டு கற்களை வாங்கிப் போனார்.

பங்குனியில் கிராமத்துக்கு ஜீப் வந்தது. பின்னாலேயே துளை போடும் இயந்திரம் ஒன்றும் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து கரும்புத் துண்டுபோல் நீளநீளமாகக் கல்லை உருவி எடுத்து, எண் போட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விடும் என்று ஊரில் பேச்சு.

அரசாங்கத்திடம் இதற்கெல்லாம் என்றைக்கோ போட்ட வரைபடம் இருக்கும், ஒரு கடைக்காரர் எழுதிய சீட்டுக்காகவா இயந்திரம் வரும்? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தருமனும் பகலில் பத்து முறை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். பதினோராவது முறை, "ஆனா போட்டோ புடிச்சானே" என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொள்கிறார். பொட்டை உரித்துவிட்டார். மீதிக் கற்களை ஏரியில் போட்டுவிட்டார். சாலையில் வெள்ளை ஜீப் போனால் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை சாப்பாட்டு வேளை. அந்தக் கொல்லையில் வேர்க்கடலை போட்டு, களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சுவது வள்ளிதான். "எவனோ ஊரைக் காட்டிக் குடுத்துட்டான். அவன் வெளங்குவானா? அவன் கை நல்லா இருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டில் சோறு போடுகிறாள். அவள் சபித்த அந்தக் கையாலேயே தருமன் பிசைந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. சொல்லிவிடலாம் என்று தினமும் வாயெடுக்கிறார். "கொஞ்சம் மோர் ஊத்து" என்று முடித்துவிடுகிறார்.

போன திங்கட்கிழமை ஊரே திரண்டு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனது. தருமனை வள்ளிதான் கடையைச் சாத்தச் சொல்லி இழுத்துப் போனாள். வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்தார். 'எங்கள் நிலத்தில் சாதாரணக் கல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை' என்ற வரியில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"இது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

வள்ளி முன்னால் வந்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு ஒலகத்துல எந்தக் கல்லு எங்க கெடைக்குதுன்னு அத்துப்படிங்க சார். ஒரு நாளும் கல்லு விசயத்துல பொய் சொன்னதில்ல. அவரையே கேளுங்க."

ஊர் முழுவதும் தருமனைத் திரும்பிப் பார்த்தது. அதிகாரியும் பார்த்தார். "சொல்லுங்க. அது என்ன கல்லு?"

தருமன் ஓரடி முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

வள்ளி வெடுக்கென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் கூப்பினார். அதிகாரி கையெழுத்துப் போட்டு, அடுத்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் இடித்துக்கொண்டு முன்னால் வந்த பிறகும் அந்தக் கைகள் பிரியவில்லை.