பின்னணி இசையும் நான்காம் படுக்கையும்

டயாலிசிஸ் டெக்னீஷியனால் ஒருவரை நான்கு மணி நேரம் கை அசையாமல் படுக்க வைக்க முடியும்; வாய் அசையாமல் வைக்க எங்கள் படிப்பில் பாடம் இல்லை. சினிமா இசை ரசிகர்கள் இருவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

டீசர் வந்த நாள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் எனக்கு வேலை. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் மூன்றாம் படுக்கை மோசஸுக்கு, நான்காம் படுக்கை பாஸ்கரனுக்கு. மோசஸ் லிங்கராஜபுரத்தில் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர். பாஸ்கரன் ஜோகுபாளையத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். ஓர் இசையமைப்பாளருக்கு இருபது வருட ரசிகர்.

அந்த இசையமைப்பாளரின் புதுப் பட டீசர் வந்த அன்று, நாற்பது விநாடி இசையை பாஸ்கரன் போனில் பதினோரு முறை போட்டார். "செல்லோ எப்படி இறங்குது பாருய்யா, சக்கத்தா இருக்கு!" என்று சிலாகித்தார். "போன படத்துல போட்டதையே வேகமா வாசிச்சிருக்கான்" என்றார் மோசஸ். பாஸ்கரனின் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது. இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். மோசஸ் தன் மானிட்டரைக் காட்டினார்: "எனக்கு நூத்தி முப்பதுதான் தம்பி. பிடிக்காத மியூசிக் உடம்புக்கு நல்லது."

எடை

சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் குடித்த தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். அதனால் ஊசி போடும் முன் எடை பார்ப்போம். பாஸ்கரன் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்க மாட்டார். இதயம் பலவீனம், ஒரு தடவைகூட டயாலிசிஸ் தவறக் கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அதை நான் நினைவுபடுத்தியபோது சொன்னார்: "படம் வர்ற வரைக்கும் என்னை ஓட்டிடு தம்பி. அப்புறம் நீங்க சொல்றதெல்லாம் கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை

படம் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வெளியானது. மதிய ஷிப்டில் இருந்த ஓர் அம்மா காலையில் வர ஒப்புக்கொண்டதால், முதல் காட்சி பார்த்துவிட்டு வரட்டும் என்று பாஸ்கரனுக்கு ஒன்றரை மணிக்கு இடம் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லி மாற்றியதும் நான்தான்.

ஒன்றரைக்கு அவர் வரவில்லை. போன் அணைந்திருந்தது. நாலரைக்கு அவரே கூப்பிட்டார். முதல் காட்சியில் ரசிகர்கள் போட்ட சத்தத்தில் பின்னணி இசை ஒன்றும் காதில் விழவில்லையாம். அதைக் கேட்பதற்காக அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்துவிட்டாராம். வெயிலுக்கு இரண்டு கூல்டிரிங்க்ஸும் குடித்திருந்தார். உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னேன். "மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலைல வர்றேன், திட்டாத" என்றார்.

சனிக்கிழமை

காலை ஏழு மணிக்கு அவர் மனைவி ஆட்டோவில் கூட்டி வந்தார். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே மெஷினில் இணைத்தேன். நர்ஸ் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்ட மாட்ட, அவர் அதை விலக்கினார். "பேசபேடி சார், பேசாதீங்க" என்று அவள் கெஞ்சினாள். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: "ரெண்டாவது ஷோலயும் விசில் அடிச்சானுங்க தம்பி. ஒண்ணுமே கேக்கல."

ஐ.சி.யு.வுக்கு மாற்றினோம். ஞாயிறு மதியம் இறந்துவிட்டார்.

மூன்றாம் படுக்கை

திங்களன்று மோசஸ் காலியாகக் கிடந்த நான்காம் படுக்கையைப் பார்த்தார். அன்றுதான் எனக்கு அந்த அறையில் இத்தனை மெஷின்கள் ஓடுவது காதில் விழுந்தது.

மறுநாள் அந்தப் படத்தின் மதியக் காட்சிக்கு மகளோடு போயிருக்கிறார். தியேட்டரில் பத்துப் பேர்கூட இல்லையாம். புதன்கிழமை ஊசி போடும்போது, கையைப் பார்த்தபடி சொன்னார்: "முழுசா கேட்டேன். நல்லாத்தான் போட்டிருக்கான். இனிமே யார்கிட்ட போய் இதை ஒத்துக்கறது?"

இப்போதும் புதுப் படம் வரும் வாரங்களில் யாராவது ஷிப்ட் மாற்றிக் கேட்கிறார்கள், நானும் மாற்றித் தருகிறேன், ஆனால் முதல் வாரம் வேண்டாம், இசை கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் படம் ஓடாமல் போகும்வரை காத்திருங்கள் என்று சொல்லி எல்லா ரசிகர்களிடமும் திட்டு வாங்குகிறேன்.