காலண்டர்த் தாளின் பின்பக்கம்

பரளச்சி கிராமத்து ரேணுகாதேவி எட்டாவது வரை படித்தவள். வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்தாலே வாத்தியார், "பெரிய கலெக்டரு! உக்காரு" என்பார். அன்றைக்கு விழுங்கிய கேள்விகள் இன்னும் செரிக்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மகளுக்கு அந்தக் கதி வர அவள் விடவில்லை. சத்யபிரியா எதைக் கேட்டாலும், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைக்கச் சொல்வாள். சனிக்கிழமை அந்தத் தாள்களோடு இருவரும் அருப்புக்கோட்டை பஸ் ஏறுவார்கள். நூலகர் கதைப்புத்தகத்தை நீட்டினால், "அது இருக்கட்டும் சார், எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு சொல்ற புஸ்தகம் குடுங்க" என்பாள் ரேணுகா. கூச்சமா, அவளுக்கா!

புருஷன் தங்கபாண்டிக்கு இது வெட்டிவேலை. "பூச்சியப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?"

இந்த வருஷம் பருத்தியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு இலையெல்லாம் சுருண்டது. போதாக்குறைக்கு, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முள்முள்ளாய் ஒரு புழு வேறு. தங்கபாண்டி மருந்து கலக்கி டேங்கைத் தோளில் மாட்டிவிட்டான். சத்யபிரியா குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, அது பொறிவண்டுக் குஞ்சு. அசுவினியத்தான் திங்கும். புஸ்தகத்துல படம் இருக்கு. அடிச்சீகன்னா அதுவும் செத்துப்போகும்."

"விவசாயத்த நீ எனக்குச் சொல்லித் தாரியா?"

"எட்டு நாளு பொறுங்க" என்றாள் ரேணுகா. "கொறையலன்னா நானே அடிக்கிறேன்."

"சரி. பருத்தி போச்சுன்னா புஸ்தகமும் போச்சு. அப்புறம் டவுனு பக்கம் ரெண்டு பேரும் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

எட்டு நாளும் ரேணுகா விடிந்ததும் புஞ்சைக்கு ஓடினாள். மூன்றாம் நாள் பார்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர் மருந்தடித்துவிட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். மகள் சொன்னது தப்பாகிவிட்டால், பிள்ளை இனி வாயே திறக்க மாட்டாளே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

எட்டாம் நாள் காலையில் இலையைத் திருப்பினாள். சுத்தமாக இருந்தது. அடுத்த செடியும் அப்படியே. புதுக்கொழுந்து நிமிர்ந்து நின்றது; அதன்மேல் சிவப்புப் பொறிவண்டுகள் ஊர்ந்தன. ரேணுகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஏய் கலெக்டரு! ஓடியா!" என்று ஊருக்கே கேட்கும்படி மகளைக் கூப்பிட்டாள்.

தங்கபாண்டி வரப்பில் நின்று இலை இலையாகத் திருப்பிப் பார்த்தான்.

சனிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரேணுகாவிடம் ஒரு தாளை நீட்டினான். "காய்க்குள்ள இருக்க செவப்புப் புழுவ எது திங்கும்?" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. ரேணுகா தாளைத் திருப்பினாள். நாளைக்கான ஞாயிற்றுக்கிழமைத் தாளை இன்றைக்கே கிழித்திருந்தான். விடியும் வரைக்கும்கூட மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.