நெருஞ்சி ஏறிய லாரி

முள்ளக்காடு தாண்டி, உப்பளச் சாலையோரத்தில் நான் குப்புறப் படுத்துக் கிடக்கிறேன். மூக்குக்கு நேரே ஒரு நெருஞ்சி. உப்புக் காற்று, லாரிப் புகை, தாரின் சூடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சளாகப் பூத்திருக்கிறது. நிமிர்ந்து வளர்ந்தால் சக்கரம் ஒடித்துவிடும். அதனால் நிமிர்வதே இல்லை. அதைப் படமெடுக்க நானும் நிமிராமல் கிடக்க வேண்டியிருக்கிறது.

“ஏளா, உசுரு இருக்கா?”

உப்பள வேலை முடிந்து வருகிற ஒரு அக்கா. நான் எழுந்து பதில் சொல்வதற்குள் கையைக் காட்டி ஒரு உப்பு லாரியை நிறுத்திவிடுகிறார். அது ஓரம் கட்டி, சரியாக என் நெருஞ்சியின் மேலேயே ஏறி நிற்கிறது.

“யாருக்கு அடிபட்டுச்சு?” என்று டிரைவர் குதித்து இறங்குகிறார்.

“யாருக்கும் இல்ல அண்ணாச்சி. ஒரு செடியப் படம் எடுத்தேன். இப்ப உங்க டயருக்கு அடியில இருக்கு.”

இருவரும் குனிந்து பார்க்கிறார்கள்.

“நெருஞ்சியவா?” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். “எஞ் செருப்பத் திருப்பிப் பாரு, நூறு கெடக்கு!”

டிரைவர் முறைத்தபடி வண்டியை எடுக்கிறார். நான் பதறிப்போய் மண்டியிடுகிறேன். பூ நசுங்கியிருக்கிறது, கொடி அப்படியே இருக்கிறது. முள் காய்களைத்தான் காணோம். அவை டயரில் குத்திக்கொண்டு லாரியோடு போகின்றன.

“அண்ணாச்சி, லோடு எங்க போவுது?”

“ஹார்பருக்கு!”

அக்கா என் தோளைத் தட்டுகிறார். “அப்பம் ஒம் மானமும் அதுவும் சேந்தே கப்பலேறுது. எந்திரிளா.”