குருவம்மாள் கூட்டி வந்த சாட்சி

யார் என்ன கேட்டாலும், குருவம்மாள் சரவெடி பின்னிக்கொண்டேதான் பதில் சொல்வாள். அவள் பின்னிய சரத்தைத் தாயில்பட்டியில் கொளுத்தினால் சாத்தூரில் நாய் குரைக்கும். சரி, அது கொஞ்சம் கூடுதல்தான். வெம்பக்கோட்டை நாய் என்று குறைத்துக்கொள்ளலாம்.

நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. விரல் நுனிகளில் வெடிமருந்தின் வெள்ளி நிறம் ஏறிக் கிடக்கும், எலுமிச்சைக்கும் மசியாது. “கொலுசு வாங்கத்தான் வக்கில்ல, வெரலுக்காச்சும் வெள்ளி இருக்கட்டுமே” என்பாள். சரத்தில் குறை சொல்லும் கங்காணியிடம், “ஏலே, வெடிக்குத் திரி வைக்கிறவளுக்கு ஒனக்கு வைக்கத் தெரியாதா?” என்பாள். அவன் நகர்ந்துவிடுவான்.

வீட்டுக்காரர் பெத்தணனுக்கு நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்கும் வேலை. பதினாறு வருஷத்துக்கு முன்பு, முதல் கல்யாணத்தை ஊர்க்கூட்டத்தில் தீர்த்துக்கொண்டு, அம்மன் கோயிலில் அவர் கையால் தாலி வாங்கிக்கொண்டாள். அவர்கள் சனத்தில் வழக்கம் அது. ஊரில் யாரும் முகம் சுளித்ததில்லை. பக்கத்துத் தெரு முருகம்மாளும் அப்படித் தாலி கட்டிக்கொண்டவள்தான். போன சீசனில் அவள் புருஷன் வெடிவிபத்தில் போனபோது, ஆஸ்பத்திரியில் “சம்சாரம்னா சர்ட்டிபிகேட் எங்கே?” என்றார்கள். உடலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது கொழுந்தன். முருகம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

அன்றைக்குத்தான் குருவம்மாள் பின்னிக்கொண்டிருந்த சரத்தைப் பாதியில் கீழே வைத்தாள். “நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா, நா வெளிய நிக்க மாட்டேன்.”

கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிய 2009ஆம் வருஷம் அது. ரிஜிஸ்டர் ஆபீஸ் எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “முதல் கல்யாணம் முறிஞ்சதுக்குக் கோர்ட் தீர்ப்பு?”

“எங்கள்ல கோர்ட்டுக்குப் போற வழக்கமில்ல சார். ஊர் தீத்து வச்சா தீந்ததுதேன்.”

“அப்போ ஊரைக் கூட்டிட்டு வா.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். குருவம்மாளுக்கும் அது புரிந்தது. புரிந்ததால்தான் அடுத்த வெள்ளிக்கிழமையே கூட்டி வந்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து ஊர்க்காவலன் என்ற ஊர்ப் பெரியவர், அவர் சம்சாரம், பெத்தணன், கடைசியாக வெளுத்த வேட்டியில் கருப்பணன் என்று வரிசையாக இறங்கினார்கள். கருப்பணன் அவளுடைய முதல் புருஷன்.

சாட்சி கருப்பணன் என்ன உறவு என்ற இடத்தில் எழுத்தரின் பேனா நின்றது.

“மாமன் மகன்னு எழுதுங்க. கல்யாணந்தேன் தீந்துச்சு. மாமன் மகன் எப்பிடித் தீருவாரு?” என்றாள் குருவம்மாள்.

எழுத்தர் பெத்தணனைப் பார்த்தார். பெத்தணன் கருப்பணனுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வெளியே வந்த சார்பதிவாளர் அம்மாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். “வழக்கம்னு சாட்சியோட நிரூபிச்சா சட்டமே ஒத்துக்கும். எப்படித் தீர்த்தாங்க? சொல்லும்மா, எழுதிக்கிறேன்.”

“ஊரு முன்னால இந்த மாமன் மகன் ஒரு துரும்ப ஒடிச்சு என் கையில குடுத்தாரு. அம்புட்டுதேன். அன்னைக்கோட அவரு வேற, நா வேற.”

சார்பதிவாளர் எழுதத் தொடங்கினார். கருப்பணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“தப்பா எழுதிராதீகம்மா. நா ஒடிக்கல, அவதேன் ஒடிச்சு என் கையில குடுத்தா. எம் மரியாதைக்காக மாத்திச் சொல்றா. நா இப்பிடித்தேன் நின்னேன்.”

சொல்லிவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து அவள் பக்கமாக நீட்டினார்.