எண்ணெய் ஆகாத வளையம்

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, “கண்ணு, இங்க வா” என்று அப்பா கூப்பிட்டார். கையிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். அவர் கூப்பிட்டது அண்ணியை. அண்ணனை மணந்து அவர் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தச் சொல்லை இருவரும் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். என் பங்கு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது அன்றுதான் தெரிந்தது.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் ஒர்க்‌ஷாப். இயந்திரங்களுக்குச் சீல் செய்கிறோம். சுழலும் தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக் கூட்டுக்கும் நடுவே அமர்ந்து, உள்ளிருப்பதை வெளியே கசியவிடாமல் காக்கும் ரப்பர் வளையம் அது. தண்டைத் தொடும் அதன் மெல்லிய விளிம்பை லிப் என்போம். நான் கல்லூரியில் இலக்கியம் படிப்பவள். ஆயினும் அப்பா அளவெடுக்கப் போகும்போதெல்லாம் வண்டியின் பின்னால் பையோடு உட்கார்ந்தவள் நான். அவர் சொன்ன அளவுகளைப் பிழையின்றி வரைந்து கொடுத்தவளும் நான். அண்ணி இயந்திரவியல் படித்தவர். அவருடைய லேப்டாப் வந்த பிறகு என் பென்சிலை யாரும் கேட்கவில்லை.

அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் எங்கள் சீல்கள் சூட்டில் இறுகி வெடித்துக்கொண்டிருந்தன. இன்னொரு முறை ஒழுகினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அண்ணி வடிவமைத்த புதிய வளையங்களை ஞாயிற்றுக்கிழமை, இயந்திரம் ஓய்ந்திருக்கும்போது, அப்பாவே மாட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. அண்ணியும் உடன் போவார்.

“லிப்ப இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் போடலாமா கண்ணு?”

“வேண்டாங்க மாமா. இறுக்குனாத் தண்ணி நிக்கும்னு தோணும். ஆனா லிப் சூடாகித் தண்டுலயே கோடு விழுந்துரும். அதுக்குத்தான் ரப்பரையே மாத்திட்டனுங்க. சாயத்துக்குப் போடற சோடாத் தண்ணி கொதிச்சாலுந் தாங்கும். எண்ணெய் மட்டும் ஆகாது, உப்பிப் போயிரும்.”

“சாயத் தண்ணிக்குள்ள எண்ணெய்க்கு என்ன சோலி?” அப்பா சிரித்தார். “இத்தன வருசம் நானும் இறுக்கி இறுக்கியே கெட்டேன் போ!”

என் வரைபடங்கள் எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சிரித்தபடியே ஒரு வளையத்தை எடுத்து, மாதிரித் தண்டில் ஏற்றிப் பார்த்தார். ஏற்றுவதற்கு முன் அவருடைய ஆள்காட்டி விரல் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்த் திரும்பி, லிப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எங்கள் ஊரில் யாரும் வறட்டு ரப்பரைத் தண்டில் ஏற்றுவதில்லை. பனியன் துணி பின்னும் இயந்திரங்களுக்கு ஊற்றும் எண்ணெயில் ஒரு விரல் தொட்டுத் தடவிக்கொள்வார்கள். பழைய ரப்பருக்கு அது நல்லதே. அப்பாவின் கை செய்தது அவருக்கே தெரியாது. அண்ணியின் கண் திரையில் இருந்தது. வளையத்தைக் கழற்றி எண்ணெய்க் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு அப்பா எழுந்து போனார்.

பார்த்துக்கொண்டே நின்ற நான், கவிழ்த்து வைத்த புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொண்டேன். நாளை அங்கேயும் அந்த விரல் தன் வழக்கத்தைச் செய்யும், அண்ணியின் வளையம் உப்பும், ஒழுகும். சாப்பிடும்போது சோற்றோடு சேர்த்து அதையும் ருசித்தேன். மோர் ஊற்றும்போதுதான் மிச்சக் காட்சி தெரிந்தது. முதலாளி அண்ணியை ஒன்றும் சொல்லமாட்டார். அப்பாவைத்தான் வெளியே அனுப்புவார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னதாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எண்ணெயில் கிடந்த வளையத்தின் லிப் ஊறித் தடித்து, சரியாகத் தைக்காத பனியன் கழுத்தைப் போல நெளிந்திருந்தது. அதையும் ஒரு புது வளையத்தையும் எடுத்து வந்து, அண்ணி காப்பி குடிக்க உட்கார்ந்ததும் அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“ஐயோ, எண்ணெய் பட்டிருக்குதே! யாரு அம்மிணி தொட்டது?”

“அப்பா. இன்னைக்கும் தொடுவாங்க. தொடறது அவிங்களுக்கே தெரியாதுங்க அண்ணி.”

அண்ணி வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாமாகிட்டப் போயி, வெரலக் கட்டிப் போடுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? வந்து வருசங்கூட ஆவுல. நீயே சொல்லீரு அம்மிணி.”

அவரால் முடியாத ஒன்று இந்த வீட்டில் இருந்தது. அது எனக்கு இனித்தது.

அப்பாவின் பையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் காலிசெய்து, கழுவி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் வண்டிச் சாவியோடு வந்தார்.

“அதுல என்னத்தக் கண்ணு ஊத்தற?”

“சோப்புத் தண்ணிங்கப்பா. இதுவும் வழுக்கும், ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது. எண்ணெய் ஆகாதுன்னு நேத்து அண்ணி சொன்னாங்கள்ல? சொன்ன கையோட நீங்க தடவுனீங்க.” உப்பிய வளையத்தை நீட்டினேன்.

அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். “அட, இந்தக் கைய என்னதான் பண்றது!” வேட்டியில் விரலை அழுத்தித் துடைத்தார். “ஏங் கண்ணு, நேத்தே பாத்தவ நேத்தே சொல்றதுக்கென்ன?”

குப்பியை இறுக மூடிப் பைக்குள் வைத்தேன். அண்ணி பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அதற்குள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அண்ணி தன் ஸ்கூட்டி சாவியைத் தேடி உள்ளே போனார்.