ஆவிக் குழலில் மஞ்சள் திரி

வில்லியனூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், கடைக்கு வருகிற எவனையும் சட்டென்று நம்பிவிடக் கூடாது. நான் நம்புவதில்லை.

அன்று காலை ஒருவர் கைக்குட்டையைப் பிரித்து ஒரு மின்சிகரெட்டைக் காட்டினார். விற்கவே தடை போட்ட சாமான். முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். ரப்பர் செருப்பு. மஃப்டியில் வரும் போலீஸ்காரனுக்குச் செருப்பு மாட்டத் தெரியாதா என்ன?

"இழுத்தா கருகுன நாத்தம் வருது. இன்னான்னு பாருண்ணா."

"ஆரோடது?"

"டீக்கடையில பழக்கமான பெருசு ஒண்ணு. பையனுக்குத் தெரியக்கூடாதாம். டவுன்ல குடுன்னுச்சி. அவ்ளோ தூரம் ஆரு போவா?"

பொய் சொல்கிறவன் இவ்வளவு சோம்பேறியாக இருக்கமாட்டான். மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். சூடேற்றும் காயில் கம்பியில் கோளாறில்லை. திரவத்தை உறிஞ்ச அதற்குள் செருகிய பஞ்சுதான் தீய்ந்திருந்தது. கருகாத நுனியை இடுக்கியால் இழுத்தேன். அது பஞ்சே இல்லை, முறுக்கிய விளக்குத் திரி. மஞ்சளாக இருந்தது. என் மனைவி வெள்ளிக்கிழமை விளக்குக்காகத் திரியை மஞ்சள் நீரில் முக்கி ஜன்னல் கம்பியில் காயப்போடுவாள். ஊரில் பத்து வீட்டில் செய்வார்கள்தான். ஆனால் நுனியில் முடிச்சுப் போடுகிறவள் இவள் ஒருத்திதான். இதில் முடிச்சு இருந்தது.

அப்படியென்றால் அந்தப் பெருசு என் அப்பா! மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இனி புகை பட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். பீடியை விட்டுவிட்டார் என்று நான் வேறு ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஆத்திரம் தலைக்கேறியது. கட்டரை எடுத்துக் காயிலை நறுக்கென்று வெட்டினேன்.

"காயில் போயிடுச்சுபா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது," என்று திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தோட்டத்துப் பக்கமிருந்து பீடி நாற்றம் வந்தது. அப்பா ஒரு கையில் பீடியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"டவுன்ல குடுக்கச் சொன்னா, வில்லியனூர்லயே குடுத்தேன்னான் அவன். கம்பி தானா போயிருந்தா கருகியிருக்கும். அது கட்டரு வெட்டு. நீதானடா?"

அவருக்குப் பிறந்தவன்தானே நான், சந்தேகம் வேறெங்கிருந்து வரும்?

"அது கையில இருந்த வரிக்கும் இத தொடலடா," என்று சொல்லிவிட்டு பீடியை மறுபடி வாயில் வைத்தார்.