சரிவு பார்த்து நிறுத்திய கார்

எங்கள் அப்பா வீடு பார்த்த கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பொன்னமராவதிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அவர் டாக்டர். காற்றோட்டமான மாடி வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. கிணறு உண்டு, கொல்லையில் இரண்டு தென்னை உண்டு. அம்மா மிகவும் ஆசைப்பட்டாள். அப்பா போய் வாசலில் நின்று ரோட்டை மட்டும் இப்படியும் அப்படியும் பார்த்தார். "மேடு பள்ளமே இல்லையே" என்று சொல்லித் திரும்பிவிட்டார். கண்மாய்க் கரையோரம், மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டிலேயே நாங்கள் கடைசிவரை இருந்தோம். கரை மேட்டில் காரை நிறுத்தி வைத்தால் காலையில் சரிவில் உருட்டிக் கிளப்பிவிடலாம். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே யோக்கியதை அதுதான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த சமயத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு அதிகாரியிடம் அப்பா வாங்கிய கார் அது. கார் நல்ல கார்தான். பாட்டரிதான் பாட்டரியாக இல்லை. செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினால் உள்ளே யாரோ ஒருதரம் நாக்கைச் சொடுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் புதிது வாங்கியிருப்பார்கள். அப்பா டாக்டர் அல்லவா, வைத்தியம் பார்த்தார். "இதுக்கு வியாதி இல்லை, பலவீனம்தான்" என்பார். ஊசி மருந்து கலக்க வைத்திருக்கும் காய்ச்சி வடித்த நீரை அளந்து அளந்து ஊற்றுவார். பலவீனமான உடம்பை அலட்டக் கூடாது என்று ஹாரனைத் தொடவிட மாட்டார். முன்சீட்டில் இருக்கும் அம்மாதான் தலையை வெளியே நீட்டி, "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று கத்திக்கொண்டு வருவாள். முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாமே என்று கேட்பீர்கள். சுற்றினார். அது திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்து, தனக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஹேண்டில் பேச்சே வீட்டில் கிடையாது.

மாதம் ஒருமுறை பாட்டரி சார்ஜ் ஏற்றிக்கொள்ள புதுக்கோட்டைக்குப் போகும், பஸ்ஸின் கூரைமேல் உட்கார்ந்து. ஆனால் நாங்கள் மட்டும் பஸ்ஸில் ஏறக் கூடாது. டாக்டர் வீட்டுப் பெண் பஸ்ஸில் இடிபட்டுப் போவதா என்பார் அப்பா. பாட்டரிக்கு இருந்த சுதந்திரம் எனக்கு இல்லாமல் போனதே என்று நான் பலநாள் பொருமியிருக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதும் புதுக்கோட்டை ஆசிரியைப் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டேன். அதே சமயத்தில் மாமா வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நெல் மில் இருந்தது. வேறு என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: "பயிற்சிக்கு எடம் கெடைச்சா படிக்கட்டும். கெடைக்காட்டி ஆவணியில கல்யாணம்." ஆனி மாதத்தில் ஒருநாள், காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்று கடிதம் வந்தது. பத்து மணிக்கு நான் அங்கே இல்லையென்றால் நெல் மில்தான்.

"பஸ்ஸிலயே போயிருவோமுங்க" என்றாள் அம்மா, முதல்நாளே.

"எதுக்கு? கார் மேட்டுல நிக்கிது" என்றார் அப்பா.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மூன்று பேரும் ஏறினோம். அப்பா சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் நல்ல கனமான மனிதர். உட்கார்ந்ததுமே கார் தானாக உருள ஆரம்பித்தது. சரிவில் பாதி இறங்கியதும் கிளட்சை விடுவார், கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பும். தினமும் நடப்பது அதுதான். அன்று பாதி இறங்கியதும் நான் பார்த்தேன், ரோடே தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் உளுந்தோ கொள்ளோ அறுத்தால் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் காய் உடைத்துக் கொடுத்துவிடும். கரைக்குக் கீழே கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் யோசித்திருக்கிறார்கள். பஸ் வந்தாலும் வரும், வராமலும் போகும். டாக்டர் கார் தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்தில் இறங்கும். அதனால் கோடை உளுந்து மொத்தத்தையும் அந்தச் சரிவிலேயே கொட்டிப் பரப்பிவிட்டு, ஓரமாக விளக்குமாற்றோடு காத்திருந்தார்கள்.

அப்பா கிளட்சை விட்டார். சக்கரம் சுழலவில்லை. நின்ற சக்கரத்தோடு கார் உளுந்தின்மேல் வழுக்கிக்கொண்டே போய், சரிவு முடிவதற்குச் சற்று முன்னால் ரோட்டுக்குக் குறுக்காக நின்றுவிட்டது. எஞ்சின் முனகக்கூட இல்லை.

தோட்டக்காரர் ஓடிவந்தார். "என்னங்க டாக்டரய்யா, நடுவுலயே நின்னுட்டீங்க? இன்னும் கீழ்ப்பக்கம் மிதிபடலையே!"

அப்பா கோபத்தில் ஸ்டீயரிங்கை ஓங்கி அடித்தார். அதற்குள் கரைமேல் புதுக்கோட்டை பஸ் வந்துவிட்டது. எங்களைத் தாண்டிப் போக வழி கிடையாது. ஒருபக்கம் வயல், ஒருபக்கம் கண்மாய், நடுவில் எங்கள் கௌரவம். டிரைவர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். பஸ்ஸில் இருந்த ஆண்களும் இறங்கித் தள்ளினார்கள். உளுந்தில் கால் வழுக்கி நாலு பேர் விழுந்ததுதான் மிச்சம். தோட்டக்காரர் பெண்டாட்டி வேறு, "பாத்துங்க, பருப்பு நசுங்கிறப் போகுது" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எட்டு மணி ஆகிவிட்டது.

"இது ஆவுறதில்லைங்க. ஓரமாத் தள்ளிவிட்டுட்டா நான் போயிருவேன். பஸ்ஸுல அம்புட்டு சனம் காத்துக் கெடக்கு" என்றார் டிரைவர்.

நான் கார் கதவைத் திறந்து இறங்கினேன். "அப்பா, நான் பஸ்ஸுல போறேன்" என்றேன். அவரைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் போய்ப் பஸ் படிக்கட்டில் ஏறி நின்றேன்.

காரை ஓரம் தள்ள வேண்டும். கண்மாய்க்குள் மாடு இறங்கும் பாதை பக்கத்திலேயே இருந்தது. அதன் வாயில் நிறுத்தினால் போதும். ஆட்கள் முக்கினார்கள், நகரவில்லை. தோட்டக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அய்யா எறங்குனாத்தான் நகரும் போலருக்குங்க."

அப்பா இறங்கினார். ஊர் பார்க்கத் தன் காரில் அவர் கை வைத்துத் தள்ளியது அதுவரை கிடையாது. அம்மாவை ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னார். கியர் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. "இந்த மிதியை அமுக்கியே வச்சுக்க. வேற எதையும் தொடாதே" என்று கிளட்சைக் காட்டினார். பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டு, பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அவர் தள்ளியது கொஞ்சம் அதிகம். கார் பாதை வாயில் நிற்காமல் கண்மாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது.

இறங்கிய வேகத்தில் அம்மா "முருகா" என்று இரண்டு காலையும் சீட்டுமேல் தூக்கிக்கொண்டாள். மிதி விடுபட்டது. வறண்ட கண்மாய்த் தரையில் சக்கரம் நன்றாகப் பிடித்து, கார் ஒரு துள்ளுத் துள்ளிக் கிளம்பியேவிட்டது.

அப்புறம் நடந்ததை அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள். சீட்டில் சம்மணம் போட்ட அம்மா ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கருவேல மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பா பின்னாலேயே ஓடினார்.

"நிறுத்துறது எப்படிங்க?" என்று அம்மா அலறினாள்.

"நிறுத்தாதே! நிறுத்தித் தொலைச்சிடாதே! திரும்பக் கெளம்பாது!" என்று அப்பா அதைவிடப் பெரிதாக அலறினார்.

மூன்றாவது சுற்றில் அவர் புட்போர்டில் தொற்றி ஏறி, ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். கார் படபடவென்று, உடம்புக்கு ஒன்றுமே இல்லாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கார் கெளம்பிருச்சே ஆத்தா. எறங்கிக்கிறியா?"

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முன்னால் போன மானம் அத்தனை பேர் முன்னால் திரும்பி வந்துவிடும். நானும் இறங்கிப் போயிருப்பேன்; அன்றைக்கு எனக்கிருந்த தைரியம் ஏற்கனவே செலவாகியிருந்தது. அப்பா புட்போர்டில் தொங்கியபடி ஒரு கையை எடுத்து வீசினார். மூச்சிரைத்துக்கொண்டு கத்தினார்:

"வேணாம்மா! இதை நம்பாத! நீ போ!"

பத்து மணிக்குச் சற்று முன்னால், புடவையெல்லாம் உளுந்துச் சருகோடு, தனியாகப் போய் இறங்கினேன். இடம் கிடைத்தது. ஆவணியில் தாலிக்குப் பதிலாக விடுதிக்குப் பெட்டி கட்டினேன்.

அப்பா அதன்பிறகு வைத்தியம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், மகளை இன்டர்வியூவுக்குத் தன் காரில் தானே கொண்டுபோய் விட்டதாகச் சொல்லிவந்தார். ஊரே பார்த்த விஷயம். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நிற்கும் நான், "ஆமா, அப்பாதான் கொண்டுபோய் விட்டாங்க" என்பேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.